பியட்டா, மாருதியா?

பழைய கார் பேச்சு எடுத்தாலே பட்டணத்துச் சொந்தக்காரங்க ரெண்டு கட்சியாயிடுவாங்க. "பியட் மாதிரி வருமா, இரும்புய்யா"ன்னு ஒரு கட்சி. மாருதி 800 வந்தப்புறம்தான் கார்னா என்னன்னே தெரிஞ்சுதுங்கறது இன்னொண்ணு. தார் ரோட்டுல மட்டும் ஓட்டினவங்க பேச்சு அது. வாய்க்கால் கரையில வச்சுப் பார்த்தா கணக்கு கொஞ்சம் மாறும்.

நாம பியட்னு சொல்றது பிரீமியர் பத்மினியை. அசல் இத்தாலியோட பியட் 1100. அவங்க அந்த மாடலை 1960கள்லயே நிறுத்திட்டாங்க. இங்கே பம்பாயில அதே வண்டிக்கு 1974ல சித்தூர் ராணி பேரை வச்சு, 2000 வாக்குல வரைக்கும் செஞ்சாங்க. வெளிநாட்டு வண்டி சுலபமா உள்ளே வர முடியாத காலம். அதனால பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருந்து வாங்கினாங்க. 1983 டிசம்பர் 14ல இந்திரா காந்தி முதல் மாருதி 800 சாவியைக் கொடுத்தாங்க. அதோட அந்தக் காத்திருப்புக்கு முடிவு காலம் ஆரம்பிச்சுது.

பியட் எஞ்சின் 1089 சிசி, நாலு சிலிண்டர். மாருதி 796 சிசி, மூணே சிலிண்டர். பார்த்தா பெரியவன் சின்னவன் மாதிரி இருக்கும். ஆனா பலம் ரெண்டுக்கும் 40 குதிரைத்திறனை ஒட்டித்தான். எடையிலதான் விஷயம். பியட் 900 கிலோவுக்குப் பக்கம், மாருதி சுமார் 650. ஒரே ஜோடி மாட்டைப் பார வண்டியிலயும் வில் வண்டியிலயும் பூட்டிப் பாருங்க, புரியும். மாருதி சட்டுனு கிளம்பினதுக்கு ஜப்பான் மாயம் ஒண்ணும் காரணமில்லீங்க, அந்த 250 கிலோதான்.

அடுத்தது எந்தச் சக்கரம் வண்டியை நகர்த்துதுங்கறது. பியட்டுல எஞ்சின் முன்னாடி, தள்ளுறது பின் சக்கரம். ஆளில்லாம மழைச் சேத்துல போனா பின்பக்கம் லேசாயிருக்கும், வழுக்கி ஒரு பக்கமா இழுக்கும். டிக்கியில ரெண்டு நெல் மூட்டையைப் போட்டா பிடிப்பு வரும். மாருதியில முன் சக்கரமே இழுக்கும், எஞ்சின் பாரமும் அது மேலயே உட்காரும். அதனால வெறும் வண்டி சேத்துல நேரா வரும். ஆனா அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு கரை மேட்டுல ஏறினா பாரம் பின்னாடி சாஞ்சுடும், முன் சக்கரம் சும்மா சுத்தும். அந்த இடத்துல பியட் முனகிக்கிட்டாவது ஏறிடும்.

பியட்டுக்கு 14 அங்குல சக்கரம், மாருதிக்கு 12. டிராக்டர் போன தடத்துல இந்த ரெண்டு அங்குலம் பெரிய விஷயம். திருப்புறதுக்கு மாருதி விளையாட்டு சாமான் மாதிரி. பியட்டை நின்ன இடத்துல திருப்ப தோள் வலு வேணும், கியரும் ஸ்டீயரிங் தண்டுலயே இருக்கும், பழகாதவங்க திணறிப் போவாங்க. பிரேக் நாலு சக்கரத்துக்கும் டிரம்தான். தண்ணிக்குள்ள இறக்கி ஏத்தினா கொஞ்ச தூரம் மெதுவா மிதிச்சு காய வச்சுட்டுத்தான் வேகம் எடுக்கணும்.

என்னைக் கேட்டா, ராத்திரியில பிரசவ வலின்னு ஆள் வந்து நின்னா மாருதி. கல்யாணத்துக்குப் பாத்திரமும் சனமும் ஏத்திக்கிட்டு குறுக்கு வழியில போகணும்னா பியட். மாருதியும் 2014ல நின்னுபோச்சு. பம்பாயில டாக்ஸியா ஓடின கடைசி பத்மினிங்களும் 2023 அக்டோபரோட ரோட்டை விட்டு இறங்கிடுச்சு.