பழைய அமெரிக்க நோட்டு: எதற்கு மதிப்பு, எதற்கு இல்லை?

இரண்டு நோட்டுகளைக் கற்பனை செய்துபாருங்கள். இரண்டுமே அமெரிக்க ஆயிரம் டாலர் நோட்டுகள்.

முதல் நோட்டில் 1890 என்று அச்சாகியிருக்கிறது. 2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் அப்படியொரு நோட்டு 3 மில்லியன் டாலருக்கும் அதிகமான விலைக்குப் போனது.

இரண்டாவது நோட்டில் 1840 என்று இருக்கிறது. முதல் நோட்டைவிட 50 ஆண்டு பழசு. அப்போ அதன் விலை இன்னும் அதிகமா?

இல்லை. கோப்பிக் கடையில் ஒரு கோப்பி வாங்கக்கூட அது பெரும்பாலும் போதாது.

ஏன் இந்த வித்தியாசம்? பழைய அமெரிக்க நோட்டுகளை இணையத்தில் பார்த்து "வாங்கலாமா?" என்று யோசிக்கிறீர்களா? வீட்டு அலமாரியில் ஒன்று கிடைத்ததா? காசைக் கொடுப்பதற்கு முன்பு இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நோட்டு என்பது ஒரு வாக்குறுதி

காகிதத்துக்குச் சொந்தமாக மதிப்பு கிடையாது. "இதைக் கொண்டுவந்தால் இன்ன தொகை தருகிறோம்" என்று யாரோ கொடுக்கும் வாக்குறுதிதான் அதைப் பணமாக்குகிறது. அமெரிக்க நோட்டுகளின் வரலாறு, காப்பாற்றப்பட்ட வாக்குறுதிகளின் வரலாறு. காற்றில் பறந்த வாக்குறுதிகளின் வரலாறும்கூட.

* 1690: அப்போது பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதியாக இருந்த மசாசூசெட்ஸ், போருக்குப் போய்த் திரும்பிய வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காகிதப் பணம் அச்சிட்டது. மேற்கத்திய உலகில் அரசாங்கம் ஒன்று வெளியிட்ட முதல் காகிதப் பணம் அது என்று சொல்லப்படுகிறது.

* 1775: பிரிட்டனை எதிர்த்துப் போரிடப் பணம் தேவைப்பட்டது. காண்டினென்டல் நோட்டுகள் வந்தன. அவற்றைக் கொடுத்தால் ஸ்பானிய வெள்ளி டாலர் கிடைக்கும் என்று நோட்டிலேயே எழுதியிருந்தது. ஆனால் அளவுக்கு மீறி அச்சிட்டார்கள். போதாக்குறைக்குப் பிரிட்டிஷ் தரப்பும் கள்ள நோட்டுகளைப் புழக்கத்தில் விட்டது. கடைசியில் ஒரு டாலருக்கு ஒரு காசு என்ற கணக்கில்தான் அரசாங்கம் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

* 1861: உள்நாட்டுப் போர் வெடித்தது. அமெரிக்க அரசாங்கம் 5, 10, 20 டாலர் நோட்டுகளை வெளியிட்டது. பின்புறம் பச்சை மை. அக்காலப் புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை என்பதால் வண்ண மையை நகலெடுப்பது கடினம். இன்றும் டாலரைக் "கிரீன்பேக்" என்று அழைப்பதற்கு அந்தப் பச்சைதான் காரணம்.

* அதே 1861: போரில் எதிர்த்தரப்பாக இருந்த தென் மாநிலங்கள் தனியாக நோட்டு அச்சிட்டன. "அமெரிக்காவுடன் சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டபின் பணம் தருவோம்" என்பது வாக்குறுதி. அந்த ஒப்பந்தம் வரவே இல்லை. தென் மாநிலங்கள் தோற்றன. அவற்றின் போர்க் கடன்கள் எதுவும் செல்லாது என்று 1868ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தம் சொல்லிவிட்டது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. 1861 முதல் அமெரிக்க அரசாங்கம் வெளியிட்ட நோட்டுகள் இன்றும் முகமதிப்புக்குச் செல்லும். அந்தக் காலத்து 5 டாலர், இன்றும் 5 டாலர்தான். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை.

முத்திரையின் நிறம் என்ன சொல்கிறது?

பழைய நோட்டு கையில் கிடைத்தால் முதலில் அளவைப் பாருங்கள். 1929ஆம் ஆண்டுக்கு முன்பு வந்த நோட்டுகள் பெரியவை. கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர் நீளம். இப்போதைய நோட்டு 16 சென்டிமீட்டருக்கும் குறைவு.

சிறிய அளவு நோட்டு என்றால், அடுத்து முன்பக்கத்தில் இருக்கும் முத்திரையின் நிறத்தைப் பாருங்கள்.

* பச்சை: ஃபெடரல் ரிசர்வ் நோட்டு. இன்றும் அச்சாவது இதுதான்.
* சிவப்பு: அரசாங்கம் நேரடியாக வெளியிட்ட நோட்டு. இந்த வகை 1862ஆம் ஆண்டு தொடங்கியது.
* நீலம்: வெள்ளிச் சான்றிதழ். இதைக் கொடுத்து வெள்ளி வாங்கிக்கொள்ளலாம். (நம்ம ஊர்ப் பணம் இல்லை, உலோகம்!) அந்த வசதி 1968ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு முடிந்தது.
* தங்க நிறம்: தங்கச் சான்றிதழ். 1933ஆம் ஆண்டு இவற்றை மக்கள் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. 1964ஆம் ஆண்டுதான் இவற்றை வைத்திருப்பது மீண்டும் சட்டபூர்வமானது.
* பழுப்பு: தேசிய வங்கி நோட்டு. அல்லது போர்க்கால ஹவாயி நோட்டு.

அந்தக் கடைசி வகைக்கு ஒரு கதை இருக்கிறது.

ஹவாயி என்று ஏன் அச்சிட்டார்கள்?

1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. ஹவாயித் தீவுகளே கைவிட்டுப் போனால், அங்கிருக்கும் டாலர் எல்லாம் எதிரி கைக்குப் போய்விடுமே என்று அமெரிக்கா பயந்தது.

அதனால் 1942ஆம் ஆண்டு ஹவாயிக்கென்றே தனி நோட்டுகள் வந்தன. பழுப்பு முத்திரை. பின்புறம் முழுக்கப் பெரிய எழுத்தில் "ஹவாயி". தீவு பறிபோனால், "இந்த நோட்டுகள் மட்டும் செல்லாது" என்று ஒரே நாளில் அறிவித்துவிடலாம். அங்கிருந்த பழைய நோட்டுகளை என்ன செய்தார்கள்? ஏறத்தாழ 200 மில்லியன் டாலர் நோட்டுகளை எரித்தார்கள். பிணங்களை எரிக்கும் சுடுகூடத்திலும் சர்க்கரை ஆலையின் உலையிலும்!

அதே 1942இல் சிங்கப்பூரும் மலாயாவும் ஜப்பானியர் கையில் இருந்தன. இங்கே வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டுகள் புழங்கின. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அவை வெறும் காகிதமாயின. ஹவாயி பறிபோகவில்லை. அதனால் அந்த நோட்டுகள் இன்றும் செல்லும். வாக்குறுதி கொடுத்தவர் நிலைத்தாரா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

சேகரிப்பாளர்கள் தேடும் நோட்டுகள்

1896ஆம் ஆண்டின் 1, 2, 5 டாலர்: அமெரிக்காவின் மிக அழகான நோட்டுகள் இவைதான் என்று பலரும் சொல்வார்கள். 1 டாலரில் வரலாறு ஒரு பெண் உருவில் வந்து, சிறுவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறது. 5 டாலரில் மின்சாரம்தான் கருப்பொருள். அன்றைய புதுத் தொழில்நுட்பம் அது!

படத்தை ரசித்துவிட்டுக் கையெழுத்தையும் பாருங்கள். சில நோட்டுகளில் பிளான்ச் கே. புரூஸ் என்று இருக்கும். அடிமையாகப் பிறந்தவர் அவர். பிறகு செனட்டர் ஆனார், அமெரிக்க நிதியமைச்சில் உயர் பதவி வகித்தார். அமெரிக்கப் பணத்தில் கையெழுத்து இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. தென் மாநிலங்களின் போர்க்கால நோட்டுகள் சிலவற்றில் அடிமைகள் பருத்தி வயலில் வேலை செய்யும் படம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நாட்டின் கதையே தெரியும்.

1899ஆம் ஆண்டின் 5 டாலர்: நடுவில் ரன்னிங் ஆன்டலோப் என்ற லக்கோட்டா பூர்வகுடித் தலைவர். ஆனால் படத்தில் இருக்கும் தலையணி அவர் இனத்தாருடையது அல்ல. அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்தவர்கள் அவரைச் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை.

1890ஆம் ஆண்டின் ஆயிரம் டாலர்: தொடக்கத்தில் சொன்னோமே, அதுதான். பின்புறம் இருக்கும் பெரிய பூஜ்யங்கள் பச்சைக் கோடு போட்ட தர்பூசணி மாதிரி இருக்கும். அதனால் செல்லப் பெயர் "கிராண்ட் வாட்டர்மெலன்". மிஞ்சியிருப்பவை மிகச் சில.

காசு நோட்டுகள்: உள்நாட்டுப் போரின்போது மக்கள் நாணயங்களைப் பதுக்கிவைத்தார்கள். சில்லறைத் தட்டுப்பாடு! 1862 முதல் 1876 வரை 3 காசு முதல் 50 காசு வரை குட்டி நோட்டுகள் வந்தன. 5 காசு நோட்டில் ஸ்பென்சர் கிளார்க் என்ற அதிகாரி தன் படத்தையே போட்டுக்கொண்டார். கோபமடைந்த நாடாளுமன்றம் 1866இல் சட்டம் இயற்றியது: உயிரோடு இருப்பவர் படத்தை நோட்டில் போடக்கூடாது. இந்தக் குட்டி நோட்டுகளில் பல இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றவை.

சரி, விலையை எது தீர்மானிக்கிறது?

1. எத்தனை மிஞ்சின?
எத்தனை அச்சிட்டார்கள் என்பது பெரிதில்லை. எத்தனை பிழைத்தன என்பதே கேள்வி. 1863 முதல் 1935 வரை 12,000க்கும் அதிகமான அமெரிக்க வங்கிகள் தத்தம் பெயரும் ஊரும் போட்டுத் தேசிய வங்கி நோட்டுகளை வெளியிட்டன. பெருநகர வங்கியின் நோட்டு நிறையக் கிடைக்கும். அதே வடிவம், அதே ஆண்டு, ஆனால் ஒரு சிற்றூர் வங்கியின் நோட்டு என்றால் விலை பல மடங்கு ஏறலாம்.

2. எந்த நிலையில் இருக்கிறது?
நோட்டின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் குறிப்பார்கள். நடுவில் ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலும் தரம் இறங்கும். கூடவே விலையும் இறங்கும். ஊசித் துளை, கிழிசல், கறை எல்லாமே கணக்கில் வரும்.

3. எண்ணில் ஏதாவது விசேஷம் உண்டா?
வரிசை எண்ணோடு ஒரு நட்சத்திரம் இருக்கிறதா? அச்சிடும்போது பழுதான நோட்டுக்குப் பதிலாக வந்தது அது. 1910 முதல் இந்த வழக்கம் உண்டு. சாதாரண நோட்டைவிட இவை குறைவு.

நோட்டில் இருக்கும் ஆண்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை, கவனித்தீர்களா? அது நோட்டு வடிவமைப்பின் ஆண்டு, அச்சான ஆண்டு அல்ல. 1935 என்று போட்ட 1 டாலர் நோட்டு 1960களிலும் அச்சானது.

எங்கே ஏமாறுகிறார்கள்?

"1840" நோட்டு: தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது நோட்டு இதுதான். பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ், ஆயிரம் டாலர், வரிசை எண் 8894. அருங்காட்சியகக் கடைகளில் நினைவுப்பொருளாக விற்கப்பட்ட நகல் அது. பழசுபோல் தெரிவதற்காகவே மஞ்சள் பழுப்பு நிறத்தில், மொறமொறவென்ற காகிதத்தில் அச்சிட்டிருப்பார்கள். எத்தனை பேரிடம் இருந்தாலும் எண் மட்டும் மாறாது: 8894. பார்த்தால் வாங்கிடாதீங்க.

தென் மாநிலப் போர்க்கால நோட்டு: 1950களில் காலை உணவு தானியப் பெட்டிகளுக்குள் இதன் நகல்களை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்கள். அசல் நோட்டுகளில் பெரும்பாலானவற்றில் பேனாவால் கையெழுத்து போட்டிருப்பார்கள். கையெழுத்தும் அச்சாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நகலில் "நகல்" என்று குறிப்பிடவேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1973இல்தான் வந்தது. அதற்கு முந்தைய நகல்களில் அப்படி எதுவும் இருக்காது.

2 டாலர் நோட்டு: "அபூர்வம்!" என்பார்கள். 1976 முதல் வந்தவை பெரும்பாலும் 2 டாலர் மட்டுமே பெறும். இன்னமும் அச்சாகிறது.

1957 நீல முத்திரை 1 டாலர்: பழசுதான், அழகுதான். ஆனால் ஏராளமாக இருக்கிறது. கசங்கிய நோட்டு என்றால் 1 டாலருக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். அவ்வளவுதான்.

துவைத்த நோட்டு: ஆமாம், துவைப்பவர்களும் இருக்கிறார்கள்! கழுவி, இஸ்திரி போட்டுப் புதுசுபோல் விற்பார்கள். அப்படிச் செய்தால் காகிதத்தின் இயல்பான மொடமொடப்பு போய்விடும். அனுபவசாலிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்களும் அதைச் செய்யவேண்டாம். அழுக்கோடு இருந்தாலும் பரவாயில்லை.

எப்படித் தொடங்குவது?

* ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். போர்க்கால நோட்டுகள், காசு நோட்டுகள், ஒரே ஊரின் நோட்டுகள்... எல்லாவற்றையும் வாங்கப் பார்த்தால் கைக்காசு கரைந்துவிடும்.
* முதல் செலவு புத்தகத்துக்கு. 1953இல் ராபர்ட் ஃபிரீட்பர்க் வெளியிட்ட விவரப் பட்டியலின் எண்களைத்தான் இன்றும் விற்பவர்களும் வாங்குபவர்களும் பயன்படுத்துகிறார்கள்.
* விற்பவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். ஏலத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள்.
* விலை உயர்ந்த நோட்டு என்றால், தரம் மதிப்பிடும் நிறுவனம் உறையிட்டு எண் கொடுத்ததை வாங்குவது பாதுகாப்பு. அந்த எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபாருங்கள்.
* நம்ம ஊர் ஈரப்பதம் காகிதத்துக்கு எதிரி. பிவிசி கலந்த மலிவான பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளடைவில் நோட்டைக் கெடுத்துவிடும். மைலார் உறை நல்லது. கேமராவுக்கு டிரை பாக்ஸ் வைத்திருக்கிறீர்களா? நோட்டுகளையும் அதில் வைக்கலாம்.
* ஒட்டு நாடா, ரப்பர் பேண்டு, கிளிப்... எதுவும் வேண்டாம்.

அடுத்த முறை யாராவது ஒரு பழைய நோட்டைக் காட்டி "நூறு வருஷத்துக்கு மேல் பழசு!" என்று சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். இது யார் கொடுத்த வாக்குறுதி? இதுபோல் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? இது எந்த நிலையில் இருக்கிறது?

மூன்றுக்கும் பதில் தெரிந்தபிறகு பர்ஸைத் திறந்தால் போதும்.