கொல்லைப்புறத்தில் பெரிய வண்ணமீன் தொட்டி: கட்டும் முறையும் கவனிக்க வேண்டியவையும்

சென்னை கொளத்தூரைப் பார்த்து, வண்ணமீன் வளர்ப்பைத் துணைத் தொழிலாகச் செய்யப் பல ஊர்களில் விவசாயிகள் முன்வருகிறார்கள். கண்ணாடித் தொட்டி வாங்குவதைவிட, கொல்லையில் பெரிய சிமெண்ட் தொட்டி கட்டுவது செலவு குறைவு. ஆனால் புதுத் தொட்டியில் விட்ட முதல் மீன்கள் ஒரே வாரத்தில் செத்து மிதப்பதும் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் நோய் அல்ல, அவசரம்தான்.

இடமும் எடையும்

10 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரத் தொட்டியில் 2½ அடிக்குத் தண்ணீர் நிறுத்தினால் 100 கன அடி, அதாவது சுமார் 2,830 லிட்டர். தண்ணீரின் எடை மட்டும் 2.8 டன். பொறியாளரைக் கேட்காமல் இதை மாடியில் கட்டக் கூடாது. மண் இறுகிய மேட்டுப் பகுதியைத் தேர்வு செய்யவும். மரத்தடி வேண்டாம், வேர் தளத்தைப் பிளக்கும், இலை விழுந்து நீரைக் கெடுக்கும். நிழலுக்கு 50 சதவீத நிழல்வலை போதும்.

ஆழத்தை அளவோடு வைக்கவும்

சுவரைத் தள்ளும் அழுத்தம் தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழம் இரண்டு மடங்கானால் சுவர் மீதான மொத்த விசை நான்கு மடங்காகும். மேலே சொன்ன தொட்டியில் 10 அடிச் சுவரை ஏறக்குறைய 880 கிலோ விசை தள்ளிக்கொண்டே இருக்கும். எனவே அதிகக் கொள்ளளவு வேண்டுமென்றால் நீள அகலத்தைக் கூட்டுங்கள், ஆழத்தைக் கூட்டாதீர்கள்.

கட்டுமானம்

* அடித்தளத்தைத் திமிசு போட்டு இறுக்கி, கம்பி கட்டிய கான்கிரீட் தளம் போடவும்.
* சுவர் 9 அங்குலச் செங்கல் கட்டாக இருக்கட்டும். உட்பூச்சில் நீர்க்கசிவு தடுக்கும் கலவை சேர்க்கவும்.
* உள்மூலைகளை வளைவாகப் பூசவும். கூரான மூலையில்தான் முதலில் விரிசல் விழும், அழுக்கும் சேரும்.
* தளம் ஒரு மூலையை நோக்கி 2 அங்குலம் சரியட்டும். அங்கே 2 அங்குல வடிகுழாய் வைக்கவும். மேலே நிரம்பி வழியும் குழாய்க்கு வலை கட்டவும்.
* பூச்சு முடிந்தபின் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விடவும்.

முன்பக்கம் கண்ணாடி பதிக்க விரும்பினால், தண்ணீர் உயரத்தைச் சொல்லி அதற்கேற்ற தடிமனில் வாங்கவும். ஒட்டுவதற்கு மீன்தொட்டிக்கான சிலிகான் மட்டுமே ஏற்றது. குளியலறைக்கு விற்கும் சிலிகானில் பூஞ்சை தடுக்கும் மருந்து கலந்திருக்கலாம். அது மீனைக் கொல்லும்.

சுண்ணாம்புக் காரத்தை நீக்குதல்

புதுச் சிமெண்டிலிருந்து காரம் நீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். தொட்டியை நிரப்பி, நறுக்கிய வாழைத்தண்டைப் போட்டு ஒரு வாரம் ஊறவிடவும். பிறகு முழுவதும் வடித்து, தேய்த்துக் கழுவவும். இதன்பின் வெறும் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று நாள் வைத்து வடிப்பதை மூன்று முறையாவது செய்யவும். நீரின் கார அமில நிலை 8.5-க்குக் கீழே வந்து நிலைத்த பிறகே மீனைப் பற்றி யோசிக்கலாம். காரம் அதிகமானால் மீன் கழிவிலுள்ள அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் அதிகமாகும்.

தண்ணீரைப் பழக்குதல்

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை நுண்ணுயிரிகள். இவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். ஆரோக்கியமான பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சையோ கூழாங்கல்லையோ போட்டால் இது விரைவுபடும். தொடக்கத்தில் 10, 15 மீன்கள் மட்டும் விட்டு, அவை நன்றாக இருந்தால் இரண்டு வாரம் கழித்துச் சிறிது சிறிதாகக் கூட்டவும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிஜன் குறைவு. அதை உயரத்திலிருந்து தூவல்போல் விழச் செய்து, ஒருநாள் காற்றேற்றிப் பயன்படுத்தவும். உப்புத்தன்மை சற்றுக் கூடுதலான கடின நீருக்குக் கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டிபோடும் மீன்களே ஏற்றவை. டெட்ரா போன்றவற்றுக்கு மென்னீர் தேவை.

பராமரிப்பு

ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீவனம் போடவும். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றவும். வடித்த நீர் காய்கறிக்கும் தென்னைக்கும் நல்ல உரம். மின்தடை வந்தால் பேட்டரியில் ஓடும் காற்று பம்பு உதவும். அது இல்லையென்றால், குடத்தில் மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றவும்.

வேண்டாத மீனைக் கிணற்றிலோ ஏரியிலோ விடாதீர்கள். தொட்டிகளிலிருந்து தப்பிய சக்கர் மீன்கள் நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களுக்குக் கேடாகியுள்ளன.

பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ணமீன் வளர்ப்பு அலகுக்கும் மானியம் அறிவிக்கப்பட்டது. தற்போதைய நிலையை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில், கட்டுமானத்தைத் தொடங்கும் முன்பே கேட்டறியவும்.