ராத்திரி ஊற வைத்தது

கூலிமில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'பிரன்ச்' வைத்தார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். வாட்ஸ்அப் பட்டியலில் என் பெயருக்கு நேராக யாரோ 'பிரெஞ்சு டோஸ்ட் கேசரோல்' என்று போட்டுவிட்டார்கள். எனக்கு மெகி மீயும் முட்டைப் பொரியலும்தான் தெரியும். சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே திகாம் பத்துவில் பாட்டி வீட்டில் ஒத்திகை பார்த்தேன்.

செய்முறை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. முந்தின ராத்திரி ரொட்டியைத் துண்டு துண்டாகக் கண்ணாடித் தட்டில் அடுக்க வேண்டும். ஆறு முட்டை, அறுநூறு மில்லி பால், கொஞ்சம் சீனி, பட்டைத்தூள் எல்லாவற்றையும் அடித்து மேலே ஊற்றி, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் எடுத்து 180 பாகையில் முக்கால் மணி நேரம் சுட்டால் முடிந்தது. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, இது பழைய சோறுதானே? சோத்துக்குப் பதிலா ரொட்டி, தண்ணிக்குப் பதிலா பாலு."

சிரித்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. பாட்டி சொன்னது பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்பான பாதியில்தான் எங்கள் தோட்டத்து வரலாறு இருக்கிறது என்று தோன்றியது.

முதலில் சரியான பாதி. காய்ந்த ரொட்டியை ஊற வைத்துத் தின்பது ஏழைகளின் வித்தை. அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலிலேயே ரொட்டியைப் பாலில் நனைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றும் குறிப்பு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'பேன் பெர்து' என்கிறார்கள். கைவிட்டுப்போன ரொட்டி என்று அர்த்தம். ஜெர்மானியர்கள் 'ஏழை வீரர்கள்' என்கிறார்கள். நாம் 'பழையது' என்று சொல்வதில் இருக்கும் அதே குரல். மிச்சத்தை வீசாமல் ராத்திரியிடம் ஒப்படைத்தால், காலையில் அது வேறொன்றாகக் கிடைக்கும்.

பாட்டிக்கு அந்த ராத்திரி ஏன் தேவைப்பட்டது? மரம்தான் காரணம். கித்தா மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்புதான் அதிகம். வெயில் ஏறி இலைகள் நீரை வெளிவிடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கும், பால் சீக்கிரம் நின்றுபோகும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் அதே காயத்தை மெல்லிசாகத் திரும்பத் திரும்பச் சீவும் முறையைக் கண்டுபிடித்த பிறகு, பால் வெட்டு தினசரி வேலையானது. மரத்தின் நேரம் மனிதனின் நேரமாகிவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். தாமதமானால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லை என்றால் கூலியும் இல்லை.

1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். பாட்டி இன்னும் அதைச் சொல்லிக் குறைபடுவார். "கடிகாரத்த மாத்துனாங்க, மரத்த யாரு மாத்துறது?"

நாலரை மணிக்கு எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, உளி, வாளியோடு ஓடும் பெண்ணுக்கு அடுப்பு மூட்ட எங்கே நேரம்? ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடிவதற்குள் அதுவே தயாராகிவிடும். தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு போய்விடலாம். எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுத்தவள் கண்டுபிடித்த நேரச் சேமிப்பு இது. நான் படித்த எந்தப் பொறியியல் பாடத்திலும் இதைவிடச் சிக்கனமான செயல்முறையைப் பார்த்ததில்லை.

அந்தச் சோற்றை எப்போது சாப்பிட்டார்கள் என்பது இன்னொரு விஷயம். நிரையை வெட்டி முடித்ததும் மங்குகளில் பால் சொட்டி நிற்கக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவேளையில், ஒன்பது பத்து மணிக்கு, மரத்தடியில் உட்கார்ந்துதான் பசியாறுவார்கள். காலைச் சாப்பாடும் இல்லை, மதியச் சாப்பாடும் இல்லை. அதாவது பிரன்ச். இந்தச் சொல்லை 1895இல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் 'ஹன்டர்ஸ் வீக்லி' இதழில் எழுதிய கட்டுரையில் முன்வைத்தார். சனிக்கிழமை ராத்திரி கூத்தடித்துவிட்டு ஞாயிறு தாமதமாக எழுகிறவர்களுக்கு வசதியாக இருக்கும் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. அடுத்த வருடமே, 1896இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் மலாயாவின் முதல் வணிகக் கித்தாத் தோட்டத்தைப் போட்டார். பத்து மணிச் சாப்பாடு என்பது லண்டனில் தூங்கி எழுந்தவனுக்கு. இங்கே அரை நாள் வேலை முடித்தவளுக்கு.

இப்போது பாட்டியின் தப்பான பாதிக்கு வருகிறேன். பழைய சோறு வெளியில் இருக்கலாம். முட்டைப் பால் இருக்க முடியாது. சோற்றுத் தண்ணீரில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. அந்தப் புளிப்பே கெட்ட கிருமிகளைத் தடுத்துச் சோற்றைக் காக்கிறது. முட்டையும் பாலும் கலந்ததை நம்மூர் ராத்திரியில் மேசைமேல் விட்டால் காலையில் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதற்கு ஐஸ் பெட்டி வேண்டும். லயத்திலோ பாட்டி காலத்தில் ராத்திரி சில மணி நேரம்தான் ஜெனரேட்டர் வெளிச்சம். ஐஸ் பெட்டி குன்றுமேல் துரை பங்களாவில் இருந்தது, ரொட்டிப் புடிங்கும் அங்கேதான் இருந்தது. ஒரே தோட்டத்தில் மேலே ஊறிய ரொட்டி, கீழே ஊறிய சோறு. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ருசி வித்தியாசம் இல்லை, மின்சாரக் கம்பி.

சோறுகூட சொந்த மண்ணின் சோறு இல்லை. கெடாவுக்கு 'நெற்களஞ்சியம்' என்று பேர். ஆனால் நெல் விளைந்தது வடக்கே அலோர் ஸ்டார் சமவெளியில். போருக்கு முன் தோட்டத்துத் தமிழர்கள் பெரும்பாலும் தின்றது கப்பலில் வந்த ரங்கூன் புழுங்கல் அரிசி. ஜப்பான்காரன் காலத்தில் அது நின்றதும் மரவள்ளிக்கிழங்கு. போர் முடிந்த பிறகும் அரிசித் தட்டுப்பாடு தீரவில்லை. பங்கீட்டில் அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மாவு நிரப்பியது. என் கொள்ளுப்பாட்டி அந்த மாவில் ரொட்டி சுட்டுத் தின்ற கதையை ஏதோ தண்டனைபோலச் சொல்வாராம்.

கடை ரொட்டி அந்தஸ்தோடு வந்தது. பட்டர்வொர்த்திலிருந்து வரும் பெரிய சடக்கு மூடா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் திகாம் பத்து வந்துவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பினாங்கு, இந்தப் பக்கம் கெடா. அதனால் பினாங்கு ரொட்டி எங்கள் பக்கம் சீக்கிரமே வந்துவிட்டது. மத்தியான வேளையில் ரொட்டிக்காரர் சைக்கிள் மணி கேட்கும். பின்னால் பெரிய பெட்டி, அதில் மொறுமொறு மேலோட்டுடன் 'ரொட்டி பெங்காலி'. கடன் எழுதிக்கொண்டு சம்பள நாளில் வாங்கிக்கொள்வாராம்.

இந்தப் பெயரில் ஒரு தமிழ் ரகசியம் இருக்கிறது. பினாங்கு டிரான்ஸ்ஃபர் ரோட்டில் இன்றும் ரொட்டி சுடும் மாலியா பேக்கரி, 1928இல் பிரிட்டிஷ் மலாயா பேக்கரி என்ற பெயரில் தமிழ் முஸ்லிம் ஒருவர் தொடங்கியது என்கிறார்கள். பின்னால் வேலையாட்களுக்கே பங்கு கொடுக்கப்பட்டதாகவும், அந்தப் 'பங்காளி' ரொட்டிதான் மலாய் வாயில் 'பெங்காலி' ஆனதாகவும் ஒரு கதை உண்டு. சீக்கியர்களைப் பழைய மலாயாவில் 'பெங்காலி' என்று அழைத்ததால் வந்த பெயர் என்று வேறு சிலர். எனக்கு முதல் கதைதான் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது ஆதாரம் ஆகாது என்பதும் தெரியும்.

எங்கள் வீட்டில் இரண்டு சந்தர்ப்பங்களில்தான் ரொட்டி வாங்குவார்கள். விருந்தாளி வந்தால், அல்லது யாருக்காவது காய்ச்சல் வந்தால். அப்பா சின்ன வயதில் காய்ச்சல் வராதா என்று மழையில் நின்றிருக்கிறார். 1986இல் கார்டேனியா வந்து, பொட்டலத்தில் வெட்டிய ரொட்டி ஒட்டுக்கடை வரை பரவிய பிறகுதான் அது தினசரிச் சாப்பாடானது. பழைய சோறு அப்போது ஒளிந்துகொண்டது. பல்கலைக்கழக விடுதியில் "காலையில என்ன பசியாறின?" என்று கேட்டால், விடுமுறையில் வீட்டில் பழைய சோறு தின்றுவிட்டு வந்த நாளிலும் "ரொட்டி" என்றுதான் சொல்லியிருக்கிறேன். யாரும் என்னைக் கேலி செய்ததில்லை. கேலி வருமுன்பே நான் ஒளித்துவிட்டேன். இப்போது அதே சோற்றை மண்சட்டியில் வைத்து, நுண்ணுயிர்ப் பெருமை பேசி, நல்ல விலைக்கு விற்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. எரிச்சல்பட எனக்குத் தகுதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

ஒத்திகையின் முதல் தட்டு தோல்வி. பொட்டலத்து மெத்து ரொட்டி ராத்திரியிலேயே கூழாகிவிட்டது. மறுவாரம் பாட்டி சொன்னபடி பெங்காலி ரொட்டி வாங்கி, வெட்டி, ஒரு நாள் விசிறிக்கு அடியில் காயப்போட்டேன். ரொட்டி பழசாகும்போது மாவுச்சத்து மறுபடி படிகமாக இறுகுகிறது. அந்த இறுக்கமும், ஈரம் போன இடைவெளிகளும் இருந்தால்தான் பாலைக் குடித்தும் உடையாமல் நிற்கும். பழசாக இருப்பது இங்கே குறையல்ல, தேவை. பட்டைத்தூளை விட்டுவிட்டு ஏலக்காய் போட்டேன். சீனியைக் குறைத்து டின் பால் ஊற்றினேன்.

பிரன்ச் அன்றைக்குப் பதினொரு மணிக்கு. ஐந்தரை மணிக்கு நான் எழுந்து வந்தபோது பாட்டி ஏற்கெனவே குளித்து, விளக்கு வைத்து, அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டு இருபத்தைந்து வருடம் ஆகிறது. அந்தத் தோட்டத்தில் இப்போது இரண்டு மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. தட்டைச் சுட்டு எடுத்து ஆற வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒரு மூலை காணோம்.

"சீனி கொஞ்சம் தூக்கல்," என்றார். "ஊறுகா இருந்தா நல்லாருக்கும்."

மூலை இல்லாத தட்டைத்தான் கூலிமுக்குக் கொண்டுபோனேன்.