வேர்நுனிக் கறுப்பு

"எடுத்துவிடுங்க டாக்டர், தொல்லை விட்டது" என்று வந்து உட்காருபவர்களோடு மல்லுக்கட்டியே என் தொழில்காலத்தில் பாதி போயிற்று. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பயந்து வருபவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் எத்தனையோ கடைவாய்ப் பற்களை அது காப்பாற்றியிருப்பதால், நான் அவசரப்பட்டு மறுத்துப் பேசியதில்லை.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் பிடுங்கச் சொன்னவர்கள் மருத்துவர்களே. 1910இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசினார். சீழ்பிடித்த வேர்களின் மேல் தங்கத்தில் மூடியும் பாலமும் கட்டுகிறார்கள், உடம்பின் பல நோய்களுக்கு அந்த அழுக்கே ஊற்று என்றார். அழுக்கைப் பற்றி அவர் சொன்னது நியாயம். கேட்டவர்கள் அதை நரம்பு செத்த பல் எல்லாவற்றுக்கும் எதிரான தீர்ப்பாக்கிவிட்டார்கள்.

துணைக்கு எக்ஸ்ரே வந்தது. வேர்நுனியில் எலும்பு கரைந்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். கறுப்பைக் கண்டதும் பல்பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார்கள். மூட்டுவலியா, பல்லை எடு. நியூஜெர்சியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையை நடத்திய ஹென்றி காட்டன், மனநோய்க்கும் இதுவே காரணம் என்று நோயாளிகளின் பற்களை வரிசையாகப் பிடுங்கவைத்தார். தன் பிள்ளைகளின் பற்களைக்கூட விடவில்லை.

எதிர்த்தவர்களில் எனக்குப் பிடித்தவர் நியூ ஆர்லியன்ஸின் எட்மண்ட் கெல்ஸ். எக்ஸ்ரேயைப் பல்வைத்தியத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். 1899இலேயே வேர்க்குழாயில் ஈயக்கம்பியைச் செருகிப் படமெடுத்து, அது எதுவரை எட்டியிருக்கிறது என்று பார்த்தார். ரூட் கெனாலின்போது ஃபைல் என்னும் மெல்லிய அரத்தை உள்ளே விட்டு நாங்கள் எடுக்கும் படத்துக்கு அதுதான் மூத்தது. மருத்துவர் சொல்லிவிட்டார் என்பதற்காகத் தேவையில்லாமல் பல்லைப் பிடுங்காதீர்கள் என்று சக பல்மருத்துவர்களிடம் வாதாடினார். கதிர்வீச்சு அவர் விரல்களையும் பிறகு கையையும் பறித்தது. 1928இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

பிடுங்கும் அலை ஓயவில்லை. 1938இல் மருத்துவர்கள் ரஸ்ஸல் செசிலும் ஆஞ்செவினும் முடக்குவாத நோயாளிகள் 200 பேரின் விவரங்களை அலசி, பல்லையும் டான்சிலையும் எடுத்ததால் நோய் தீர்ந்ததாகத் தெரியவில்லை என்று எழுதிய பிறகே வேகம் குறைந்தது. 1943இல் வேர் சிகிச்சைக்காரர்கள் சிகாகோவில் தங்களுக்கென்று சங்கம் தொடங்கினார்கள்.

இப்போது என் முன்னால் வரும் படத்தில் அந்தக் கறுப்பு இருந்தால் நான் பதறுவதில்லை. குழாயைச் சுத்தம் செய்து அடைத்தால் பெரும்பாலும் எலும்பு மெல்ல வளர்ந்து மூடிவிடும். நான் தேடுவது வேறு: பிறகு போடும் மூடியைத் தாங்க ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது நல்ல பல் மிச்சம் இருக்கிறதா? அது இல்லாமல், வேரும் நெடுக விரிசல் விட்டிருந்தால், மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு நானும் குறட்டைத்தான் எடுப்பேன்.