தக்கை

'ரத்தக்குழாயில் அடைப்பு' என்றால் வீடே பதறும். மூத்திரப்பையிலிருந்து கட்டி கட்டியாக ரத்தம் போய், குழாய் வைத்துக் கழுவியும் நிற்காதபோது அந்த அடைப்பை டாக்டரே உண்டாக்குகிறார். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குப் பல வருடம் கழித்தும் இந்தத் தொல்லை வருவதுண்டு. சிகிச்சையின் பெயர் எம்போலிசேஷன்.

கிரேக்கத்தில் 'எம்போலோஸ்' என்றால் உள்ளே செருகியது: ஆப்பு, முளை. எதிரிக் கப்பலின் விலாவில் பாய்ச்ச, போர்க்கப்பலின் முகப்பில் பூட்டிய வெண்கல இடிமுனைக்கும் அதே பெயர்தான். கப்பலில் ஓட்டை போட்ட சொல் ஒழுக்கை அடைக்க வந்த கதை வேடிக்கை. நடுவில் அது ஒரு நோயின் பெயராக இருந்தது. கால் சிரையில் உறைந்த ரத்தக்கட்டி பிய்ந்துபோய் நுரையீரலில் அடைப்பதை விளக்கிய ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, 1840-களில் அதற்கு 'எம்போலி' என்று பெயரிட்டார். 1974-இல் ஹால்ட், மிகின்ட் என்ற டென்மார்க் மருத்துவர்கள் இடுப்பின் உள்தமனிக்குள் தசைத் துணுக்கை அனுப்பி, உயிருக்கே உலை வைத்த மூத்திரப்பை ரத்தப்போக்கை நிறுத்தியதாக எழுதினார்கள். நோய் வைத்தியமானது.

தமிழ்க் கலைச்சொல்லில் எம்போலிசம் என்ற அந்த நோய், 'தக்கையடைப்பு'. முதலில் படித்தபோது சிரித்தேன். மனிதன் என்ன, சோடா பாட்டிலா?

தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் சிரிப்பு அடங்கியது. அங்கே தக்கை என்றால் வலையின் மேல்கயிற்றில் கோத்த மிதவை. கீழே ஈயம் இழுக்கும், மேலே தக்கை தாங்கும். அடைப்பதும் தக்கை, மிதப்பதும் தக்கை. தோணிப் பலகை இடுக்கில் பஞ்சைத் திணிக்கும் கலப்பத்து வேலையில் ஒழுகும் இடத்தைக் கை தொடும். ரத்தக்குழாய்க்குள் கை போகாது. தொடைத் தமனியில் சிறு துளை, அதன் வழியே கதீட்டர். (அதுவும் கிரேக்கம்தான்: 'கீழே இறக்குவது'. முத்துக் குளியாளியைக் கல்லோடு இறக்கிய ஊருக்கு இது புதிதல்ல.) எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மூத்திரப்பைத் தமனிவரை போய், மில்லிமீட்டருக்கும் குறைவான துகள்களை விடுவார்கள். அவற்றை ரத்த ஓட்டமே கொண்டுபோகும். குழாய் குறுகும் இடத்தில் சிக்கி அடைக்கும். கிளை தவறினால் பிட்டத்துத் தசைக்குப் போய் வலியெடுக்கும். கிரேக்கச் சொல்லுக்குச் செருகத்தான் தெரியும். தக்கைக்கு மிதந்துபோய் அடைக்கவும் தெரியும்.

ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு சொல்லுமே காதில் விழாது. "தொடை வழியா விட்டு அடைச்சாச்சு, மூத்திரம் தெளிஞ்சிட்டு" என்பார்கள்.