மனிதரை உண்ட மனிதர்: குற்றச்சாட்டும் சான்றும்

மனிதர் மனிதரை உண்டதன் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் சான்று பற்றியது. இவ்வழக்கம் தமக்கு உண்டெனக் கூறிக்கொண்ட சமூகங்கள் சில. அயலாருக்கு உண்டெனக் கூறிய சமூகங்கள் எண்ணற்றவை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதிய செய்தியொன்று இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பாரசீக மன்னன் தாரியஸ் கிரேக்கரை அழைத்து, இறந்த தந்தையரின் உடலை உண்பதற்கு என்ன பொருள் வேண்டும் என வினவினான். எதைக் கொடுத்தாலும் இசையோம் என்றனர் அவர்கள். பின்னர், பெற்றோரின் உடலை உண்போராகக் கருதப்பட்ட கல்லத்தியர் என்னும் இந்தியரை அழைத்து, அவ்வுடலை எரிப்பதற்கு என்ன பொருள் வேண்டும் என வினவினான். அவர்களோ அலறி, அச்சொல்லைச் சொல்லவும் வேண்டா என மன்றாடினர். ஹெரோடோட்டஸ் இந்தியாவுக்கு வந்தவரல்லர். ஆதலின் இக்கதை இந்தியரைப் பற்றிய சான்றாகாது. ஆயினும், தன் வழக்கமே நேரியது என ஒவ்வொரு சமூகமும் கருதும் என்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார்.

பின்வந்தோரிடம் இத்தெளிவு இல்லை. 1492இல் கரீபியத் தீவுகளை அடைந்த கொலம்பஸ், அண்டைத் தீவினர் மனிதரை உண்பதாகத் தைனோ மக்கள் கூறியதாய்ப் பதிவு செய்தார். அவர்தம் மொழியை அவர் அறியார். அவ்வண்டைத் தீவினரின் பெயரே 'கானிபல்' என்னும் சொல்லாக ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தது. 1503இல் ஸ்பெயினின் இசபெல்லா அரசி, அத்தகையோரைச் சிறைப்பிடித்து அடிமைகளாக விற்கலாம் என ஆணையிட்டார். அதன்பின் ஒரு தீவின் மக்கள் மனிதரை உண்போர் எனச் சொல்வதில் வணிக இலாபமும் கலந்துவிட்டது. அந்தமான் மக்களுக்கும் இப்பழி நெடுங்காலம் இருந்தது. அவர்கள் நாய்த்தலையர், அகப்பட்ட அயலாரை உண்போர் என 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் அவர்களிடையே பல்லாண்டு வாழ்ந்து அவர்தம் மொழியறிந்த அதிகாரி இ. எச். மான் இக்கூற்று வெறுங்கதை என மறுத்தார்.

இத்தகைய பழிகளை முன்வைத்தே, 1979இல் மானுடவியலாளர் வில்லியம் ஏரன்ஸ், வழக்கமாக மனிதரை உண்ட சமூகம் எதற்கும் நம்பத்தக்க நேரடிச் சான்றில்லை என வாதிட்டார். துறையே அதிர்ந்த அவ்வாதத்தில் பாதி நிலைத்தது. மறுபாதியை எலும்புகள் மறுத்தன. இறைச்சியை அறுத்த கத்தித் தடம், மச்சைக்காக உடைக்கப்பட்ட நீள் எலும்பு, மனிதப் பற்களின் பதிவு ஆகியவற்றைக் கொண்டு தொல்லியலாளர் முடிவுக்கு வருகின்றனர். ஸ்பெயினின் அட்டபுவர்காவில் ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புகளில் இத்தடங்கள் உள்ளன. இங்கிலாந்தின் காஃப் குகையில், ஏறத்தாழ 14,700 ஆண்டுகளுக்கு முன் இறந்தோரின் எலும்புகள் மென்று கடிக்கப்பட்டுள்ளன; மண்டையோடுகளோ கவனமாகக் கிண்ணங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. வெறும் பசி கிண்ணம் செய்யாது. ஆதலின் அங்குச் சடங்கும் இருந்திருத்தல் வேண்டும்.

எனவே காரணம் ஒன்றன்று. பசியே காரணமான நேர்வுகள் ஐயமற்றவை. வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தில் 1609-10 குளிர்காலப் பஞ்சத்தின்போது இறந்த, ஏறத்தாழ 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மண்டையோடு 2012இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதில் வெட்டுத் தடங்கள் இருந்தன. மருத்துவம் மற்றொரு காரணம். எகிப்திய மம்மிகளைப் பொடித்து ஐரோப்பிய மருந்துக்கடைகள் பல நூற்றாண்டுகள் விற்றன. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் மனித மண்டையோட்டிலிருந்து வடித்த மருந்தைப் போற்றினார். இவர்களை எவரும் கானிபல் என அழைத்ததில்லை.

மூன்றாவது காரணம் துயரம். பிரேசிலின் வாரி மக்கள் 1960கள் வரை தம் இறந்தோரை உண்டனர். நெருங்கிய உறவினர் உண்ணார். மணவழி உறவினரே அக்கடனை நிறைவேற்றினர். வெளியுலகத் தொடர்புக்குப் பின் உடல்களைப் புதைக்குமாறு அரசும் சமயப் பணியாளரும் வற்புறுத்தியபோது, அன்புக்குரியவரைக் குளிர்ந்த மண்ணில் தனியே விடுவதே அவர்களுக்குக் கொடுமையாய்த் தோன்றிற்று. மானுடவியலாளர் பெத் கான்க்லின் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களும் இவ்வாறே எண்ணினர். புழுக்கள் தின்பதினும் அன்புடையோர் உண்பது மேல் என்பது அவர்தம் கருத்து. பெரும்பாலும் பெண்களும் சிறுவருமே உண்டனர்; வளர்ந்த ஆண்கள் விலகியிருந்தனர். 'கூரு' என்னும் நடுக்க நோய் மிகுதியும் பெண்களையும் சிறுவரையும் கொன்றதன் காரணம் இதுவே. நோய் பரம்பரையாய் வருவதோ என அறிவியலாளர் முதலில் ஐயுற்றனர். ஃபோரே மக்களோ சூனியம் என்றனர். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கிளாஸ், ஷர்லி லிண்டன்பாம் ஆகியோர் ஊர்தோறும் சென்று, முதல் நோயாளி எப்போது தோன்றினார், இறந்தோரை உண்ணும் வழக்கம் எப்போது வந்தது எனக் கேட்டறிந்தனர். இரண்டும் இணைந்தே பரவியிருந்தன. அவ்வழக்கம் நின்றபின் பிறந்த குழந்தைகளுக்கு நோய் வரவில்லை. நோய் தொற்றக்கூடியது எனச் சிம்பன்சிகளில் நிறுவிய கார்லெட்டன் காய்டுசெக் 1976இல் நோபெல் பரிசு பெற்றார். நோய்க்குக் காரணம் பிரியான் என்னும் புரதம் எனப் பின்னர் அறியப்பட்டது.

கரீபியத் தீவினரைப் பற்றிக் கொலம்பஸ் கேட்டதும், ஃபோரே மக்களிடம் ஆய்வாளர் கேட்டதும் செவிவழிச் செய்திகளே. ஆயின் முன்னதில் அயலார் மீது பிறர் பழி கூறினர். பின்னதில் மக்கள் தம் இறந்தோரைப் பற்றித் தாமே பேசினர். முன்னது அடிமைச் சந்தைக்கு வழிவகுத்தது. பின்னது ஒரு கொள்ளைநோயின் வேரைக் காட்டிற்று. யார் யாரைப் பற்றிச் சொல்கிறார், சொல்பவருக்கு அதனால் ஆவது என்ன, எலும்பும் நோயும் அதற்கு இசைகின்றனவா என்னும் மூன்று வினாக்களைக் கடந்த செய்தியே இத்துறையில் சான்றாகும்.