முகில்களுக்குப் பெயர் வந்த வரலாறு

நிலையாப் பொருளுக்கு நிலைத்த பெயரிடுதல் இயலுமோ என்பது மெய்யியலாரை நெடுங்காலம் வருத்திய வினாக்களுள் ஒன்று. மலையும் மரமும் நின்ற இடத்தில் நிற்பன. முகிலோ நோக்கிக்கொண்டிருக்கும்போதே உருமாறுவது, பிரிவது, பிறிதொன்றுடன் கலப்பது, இறுதியில் இல்லையாவது. அத்தகைய பொருளை வகைப்படுத்திப் பெயரிட்ட வரலாறு வானிலையியலுக்கு மட்டும் உரியதன்று. கருத்து எவ்வாறு அமைகிறது என ஆராயும் மெய்யியலுக்கும், சொல்லை எவ்வாறு கற்பிப்பது என ஆராயும் மொழிப்பயிற்றுத் துறைக்கும் அதில் பங்குண்டு. இம்மூன்று துறைகளும் கூடும் இடத்தை ஈண்டு ஆராய்வோம்.

முகில்களுக்கு முறையான பெயரிடும் முயற்சி 1802-ஆம் ஆண்டில் இரு நகரங்களில் தனித்தனியே நிகழ்ந்தது. பாரிசில் இயற்கைநூற் பேராசிரியரான லாமார்க், முகில்களை ஐவகையாகப் பகுத்துப் பிரெஞ்சுச் சொற்களால் பெயரிட்டார். அவ்வாண்டின் இறுதியில், இலண்டனில் மருந்துச் சரக்குகள் செய்யும் தொழில் நடத்திய லூக் ஹவார்டு என்பார், அஸ்கீசியன் கழகம் என்னும் சிறு குழுவினர் முன் முகில்களைப் பற்றிய கட்டுரையொன்றைப் படித்தார். ஹவார்டு குவேக்கர் சமயத்தினர். அக்காலத்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் அச்சமயத்தார் பட்டம் பெற இயலாது. எனவே, பின்னர்ப் பல்கலைக்கழகங்கள் போற்றி வளர்த்த இத்துறை, பல்கலைக்கழக வாயில் அடைக்கப்பட்ட ஒருவரிடமிருந்து தொடங்கியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. தாம் பயின்ற பள்ளியில் இலத்தீன் இலக்கணம் மிகுதியாகவும் பிற பாடங்கள் குறைவாகவும் கற்பிக்கப்பட்டன என்று அவர் பிற்காலத்தில் குறைபட்டதுண்டு. ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது அந்த இலத்தீனே.

மயிர்ச்சுருள் எனப் பொருள்படும் சிர்ரஸ், குவியல் எனப் பொருள்படும் குமுலஸ், பரப்பிய படலம் எனப் பொருள்படும் ஸ்டிராட்டஸ் என்னும் மூன்றும் ஹவார்டு கொண்ட தனிவகைகள். இவற்றுக்கு இடைப்பட்டன இரண்டு. கூட்டால் அமைந்தன இரண்டு. மழை பொழியும் முகிலாகிய நிம்பஸ் இவற்றுள் இறுதியானது. ஆக, வகைகள் ஏழு. லாமார்க்கின் பெயர்கள் பிரெஞ்சில் இருந்தமையால் வழக்கிறந்தன. ஹவார்டின் பெயர்கள் இலத்தீனில் இருந்தமையால் பரவின என்பர். இது முழு விளக்கமாகாது. சிர்ரஸும் ஸ்டிராட்டஸும் இணைந்த சிர்ரோஸ்டிராட்டஸ் என்னும் பெயர், ஒருவகை மற்றொருவகையாக மாறும் நிலையையே சுட்டுகிறது. மாறும் பொருளின் மாற்றத்தையும் பெயரமைப்பினுள் அடக்கியதே ஹவார்டு கண்ட புதுமை என்பது நம் கருத்து.

தாமஸ் பார்ஸ்டர் என்னும் ஆங்கில அறிஞர் இப்பெயர்களை மக்கள் மொழியில் வழங்க விழைந்து, சுருள்முகில், குவைமுகில் என்னும் பொருள்பட ஆங்கிலப் பெயர்களை ஆக்கினார். ஹவார்டு அவற்றை ஏற்கவில்லை. தம் பெயர்கள் ஏழேயாதலின் நினைவிற்கொள்ளுதல் எளிது என்றார். அவை முகிலின் அமைப்பைக் குறிக்கும் குறிகளே என்றும், ஒவ்வொன்றன் பொருளும் வரையறையால் நிறுத்தப்பட்டது என்றும் விளக்கினார். செருமானியப் பெருங்கவிஞர் கதேயும் ஹவார்டின் பெயர்களை மொழிபெயர்த்தல் கூடாது என்றே கருதினார். பார்ஸ்டரின் நோக்கம் இழிவானதன்று. கற்போன் தன் மொழியில் பெயரைக் கேட்டால் பொருள் விளங்கும் என அவர் கருதினார். ஆனால் சொல்லின் பொருள் விளங்குதல் வேறு. சொல் சுட்டும் வகை விளங்குதல் வேறு. சுருள் என்பதை அறிந்தவன், வானில் காணும் எம்முகில் சுருள்முகில், எது அன்று என்பதை அச்சொல்லால் மட்டும் அறியான்.

வரையறை மட்டும் போதுமா எனின், போதாது என வரலாறே விடை கூறுகிறது. ஹவார்டு ஸ்டிராட்டஸ் என்றபோது நிலத்தின்மேல் படியும் மூடுபனியையும் அதனுள் அடக்கினார். இன்று அப்பெயர் தாழ்ந்து பரவும் முகிற்படலத்தையே குறிக்கிறது. ஒரே பெயரை நாட்டுக்கு நாடு வேறு வேறு முகிலுக்கு வழங்கும் நிலையும் ஏற்பட்டது. இக்குழப்பத்தைத் தீர்க்கும் பணியில் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகம் முன்னின்றது. செடிகொடிகளுக்கு இருசொற் பெயர்முறை வகுத்த லின்னேயஸ் 18-ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய பல்கலைக்கழகம் அது. அங்கு வானிலையியற் பேராசிரியராக விளங்கிய ஹில்டெபிராண்ட்சன், 1879-இல் முகில்வகைகளை ஒளிப்படங்களுடன் வெளியிட்டார். ஆபர்கிராம்பி என்பார் உலகைச் சுற்றிக் கடற்பயணம் செய்து, முகில்வடிவங்கள் எந்நாட்டிலும் ஒத்திருத்தலைக் கண்டார். இவ்விருவர் முயற்சியால் 1887-இல் பத்துவகைப் பாகுபாடு உருவாயிற்று. 1896-இல் அனைத்துலக முகிற்படநூல் பிரெஞ்சு, செருமன், ஆங்கிலம் ஆகிய மும்மொழி விளக்கத்துடன் வெளிவந்தது. உலக வானிலை நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் பெருவகைகள் பத்தே.

படத்தைக் காட்டிப் பெயரைக் கற்பிக்கும் இம்முறை மொழியாசிரியர்க்குப் புதிதன்று. கொமேனியஸ் 1658-இல் வெளியிட்ட படநூல், சிறுவர்க்கு இலத்தீன் கற்பிக்க எழுந்தது. அதில் முகிலுக்கும் ஒரு பாடம் உண்டு. படத்தின் உறுப்புகளுக்கு எண்ணிட்டு, அவ்வெண்களுக்கு நேரே இலத்தீனும் செருமனும் தரப்பட்டன. முகிற்படநூல் இதனின்று பிறந்தது என நாம் கூறவில்லை. இரண்டும் ஒரே தேவையால் ஒரே நெறியை அடைந்தன என்றே கூறுகிறோம்.

இனி மெய்யியலார் கூற்றைக் காண்போம். யேனாப் பல்கலைக்கழகத்துப் பிரேகே, ஒரு கருத்துக்குக் கூரிய எல்லை இன்றியமையாதது என 1903-இல் வற்புறுத்தினார். அங்ஙனமாயின் முகில்வகை எதுவும் கருத்தாகாது. விட்கென்ஸ்டைனின் மெய்யியல் ஆய்வுகள் 1953-இல் வெளிவந்தன. எல்லை கூராத சொற்களும் செவ்வனே பயன்படுகின்றன என்றும், எடுத்துக்காட்டுகளால் பொருளைக் கற்பித்தல் குறைபாடுடைய விளக்கமன்று என்றும் அந்நூல் காட்டியது. அவர் 1908-இல் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகச் சார்பில், கிளாசப் அருகே மேல்வளி ஆய்வுக்குரிய பட்டங்களைப் பறக்கவிட்டவர். 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியச் சிற்றூர்களில் பள்ளியாசிரியராக இருந்து, மாணவர்க்கென ஓர் அகராதியை 1926-இல் வெளியிட்டவர். வானாய்வும் சொற்பயிற்றலும் கருத்தாராய்ச்சியும் ஒருவர் வாழ்விலேயே கூடியமை எண்ணத்தக்கது. அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் எனத் துணிதல் வேண்டா. ஆயினும் முகிற்படநூல் நடைமுறையில் செய்ததையே அவர் மெய்யியலில் விளக்கினார் எனல் பொருந்தும்.

இவ்வரலாறு தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கும் தொடர்புடையது. நம் நிகண்டுகள் முகில், மஞ்சு, எழிலி, கொண்டல் முதலியவற்றை ஒருபொருட் பன்மொழியாகத் தொகுத்தன. அவற்றின் நோக்கம் செய்யுட்குச் சொல்வளம் தருதல்; முகிலை வகைப்படுத்துதல் அன்று. இன்றைய பாடநூல்களில் வழங்கும் கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்னும் பெயர்கள் ஹவார்டின் பாகுபாட்டைத் தழுவியன. ஹவார்டும் கதேயும் விலக்கிய மொழிபெயர்ப்பையே நாம் மேற்கொண்டுள்ளோம். அதில் தவறில்லை, தாய்மொழிவழிக் கல்விக்கு அஃது இன்றியமையாதது. ஆனால் கீற்று என்னும் சொல் தமிழாதலின் மாணவன் தானே உணர்வான் என்று வரையறையையும் படத்தையும் வானை நோக்கும் பயிற்சியையும் விடுவோமாயின், பார்ஸ்டரின் பெயர்களுக்கு நேர்ந்த கதியே நம் சொற்களுக்கும் நேரும். கலைச்சொற்குழு ஆக்குவது சொல்லின் ஒரு பாதியே. மறுபாதி வகுப்பறையில் ஆக்கப்படுகிறது. அப்பணி மொழியாசிரியர்க்கும் அறிவியலாசிரியர்க்கும் பொதுவானது என்பதே இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் முடிபு.